காலில் வைத்த குங்குமம்

இன்று காலை குங்குமம் தீர்ந்துவிட்டது. கடைவீதியில் பூசைச் சாமான் விற்பவர் என் தலையைக் கண்டதுமே இரண்டு பாக்கெட்டை எடுத்துப் பொட்டலம் கட்டிவிட்டார். "ஒத்த ஆளா இருந்துக்கிட்டு இம்புட்டுக் குங்குமத்த எந்தச் சாமிக்குத்தாம்மா போடுறீக?" என்று கேட்டார். செயற்கைக் கால் செய்கிற பட்டறைக்கு என்றால் நம்பவா போகிறார்? எல்லாச் சாமிக்கும்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் பொட்டலத்தின் முனை பிரிந்து கைப்பை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பட்டறை வாசலில் நின்று பையைத் தட்டும்போது உன் நினைப்பு வந்து, உள்ளே போய் நீ உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார விட்டால்தானே. மயிலாடும்பாறையிலிருந்து ஒரு விவசாயி வந்துவிட்டார். கால் மாட்டி ஒரு மாதம் ஆகிறது. வாசலிலிருந்து நாற்காலி வரை அவர் நடந்ததைப் பார்த்தேன். ஒரு பக்க இடுப்பைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். "எப்படிண்ணே இருக்கு?" என்றேன். "பரவால்லம்மா" என்றார். நான் சுவரைக் காட்டினேன். 'இங்கே பரவாயில்லை என்று சொல்லக் கூடாது' என்று பெரிய எழுத்தில் நானே எழுதி ஒட்டியது. அவர் மெதுவாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "இத யாருக்காகம்மா எழுதி வச்சிருக்கீக?" என்று கேட்டார்.

காலைக் கழற்றுங்க என்றேன். சொல்ல ஆரம்பித்தால் அவர் காலைப் பார்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். உன்னால்தான் எழுதினேன், நீ இருக்கும்போதே. ஒட்டிய அன்று நீ நிமிர்ந்து பார்த்து, "பரவால்ல, கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாய்.

முதல்முதலில் வந்தபோது உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கை அண்ணன் தோளிலுமாக வந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் நான் கேட்க வேண்டியதையெல்லாம் நீ கேட்க ஆரம்பித்தாய். ஏலக்காய் எடுக்கப் போன ஜீப் மேகமலைப் பாதையில் கவிழ்ந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் எப்போது நடப்பேன் என்றுதான் கேட்பார்கள். நீ கேட்டது வேறு. "குத்தவைக்க முடியுமா?"

எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. நீ பொறுமையில்லாமல் விளக்கினாய். "ஏலக்காய் செடியோட தூர்லதான் காய்க்கும். குத்தவச்சு உக்காந்து தான் எடுக்கணும். ரோட்டுல நடக்குறதுக்கு எனக்குக் காலு வேணாம். மறுபடி காட்டுக்குப் போவேனா, மாட்டேனா, அத மட்டும் சொல்லு."

முதலில் சமதரையில் நட, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று அதிகாரமாகச் சொன்னேன். உன் அண்ணன் தலையாட்டினார். நீ ஆட்டவில்லை. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டில் இருப்பவள் நீ. "கட்டில்ல கெடந்தா நான் அவுகளுக்குப் பாரம். காட்டுல நின்னா நான் ஆளு" என்று நீ சொன்னதெல்லாம் ரொம்பப் பிறகு. அன்றைக்கு நான் கேட்கவும் இல்லை.

செயற்கைக் காலில் பாதத்தையும் குழாயையும் கடையில் வாங்கிவிடலாம். வெட்டுப்பட்டு மிஞ்சிய கால் போய் உட்காருகிற கிண்ணம் இருக்கிறதே, நாங்கள் சாக்கெட் என்போமே, அதை ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்துதான் ஆக வேண்டும். ஒருவருடையது இன்னொருவருக்கு ஆகாது. அதில் ஒரு நெல்மணி அளவு பிசகினாலும் எலும்பு உரசும், தோல் உரிந்துவிடும். மிஞ்சிய அந்தக் காலை டாக்டர்கள் ஸ்டம்ப் என்பார்கள். நீ அதற்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்தாய். "மிச்சம் இன்னைக்கு வீங்கிக் கெடக்கு." "மிச்சத்துக்குக் குளுருது." இப்போது என் நோட்டிலும் அப்படித்தான் எழுதுகிறேன். பார்க்கிறவர்கள் சாப்பாட்டு மிச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் கால் மாட்டிய மூன்றாம் வாரமே தொடையில் கட்டுகிற வாரின் ஆணி விட்டுப்போனது. வைத்துவிட்டுப் போ, நாலு நாளில் தருகிறேன் என்றேன். சாமான் வர வேண்டியிருந்தது, பத்து நாள் ஆகிவிட்டது. பட்டறையில் அது சாதாரணம். நீ வாங்கிக்கொண்டு போனாய், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று தடவையும், வலிக்கிறதா என்று கேட்டால் ஒரே பதில்தான். "பரவால்ல." நானும் நோட்டில் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் ஊரில் பரவால்ல என்றால் நன்றாக இருக்கிறது என்றா அர்த்தம்? பிடிக்காத குழம்புக்கும் பரவால்லதான், துக்கம் கேட்கப் போகிற வீட்டிலும் பரவால்லதான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போனது.

நான்காம் தடவை நீ வாசலில் வரும்போதே மருந்து வாடை வந்தது. மிச்சத்தின் மேல் போடுகிற சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். வரவில்லை, தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தபோது எலும்பு முனையில் ரூபாய் நாணயம் அளவு புண். எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்தினேன். படித்துப் படித்துக் கேட்டேனே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு புடவை விளிம்பை மடித்து மடித்து விட்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"வலிக்குதுன்னு சொன்னா நீ காலப் புடுங்கி வச்சுக்குவ."

மீதியையும் அப்போதுதான் சொன்னாய். அந்தப் பத்து நாளும் உன்னைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனது உன் மதினி, அண்ணன் சம்சாரம். ஊன்றுகோல் மழை ஈரத்தில் வழுக்கும் என்று உன்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லையாம். "மதினி ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்" என்றாய். வலியை நீ தாங்கிக்கொண்டது அந்தக் கட்டிலுக்குத் திரும்பக் கூடாது என்பதற்காக. எனக்கு ஆணி விட்டுப்போன வார் மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்குத்தான் உனக்கு வாக்குக் கொடுத்தேன். இனி உன் கால் ஒரு ராத்திரிகூட இந்தப் பட்டறையில் தங்காது. வியாழக்கிழமை காலையில் வா, எவ்வளவு வேலை இருந்தாலும் சாயங்காலத்துக்குள் முடித்துக் கையில் கொடுக்கிறேன். "சத்தியமா?" என்றாய். என் தலையில் நானே அடித்துச் சத்தியம் செய்தேன்.

அப்படி ஆரம்பித்ததுதான் நம் வியாழக்கிழமைகள். நான் அரமும் சூடேற்றும் கருவியுமாக வேலை செய்ய, நீ ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நடப்பதையெல்லாம் சொல்வாய். யார் தோட்டத்துத் திராட்சை மழையில் வெடித்தது, எந்த எஸ்டேட்டில் யானை வந்து கூலிக்காரர்களின் லயன் வீட்டுக் கதவைத் தட்டியது, எல்லாம். அம்மா போன பிறகு நான் மத்தியானச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ தூக்குவாளியில் மொச்சைக்குழம்பு கொண்டுவந்து, என் டப்பாவைத் திறந்து பார்த்து, "ஏத்தா, இத மனுசி திம்பாளா?" என்பாய். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து உன் அதிகாரம் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'ஏத்தா'வுக்கு வந்துவிட்டாய். எனக்கும் அது வேண்டியிருந்தது என்று இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

காலையில் இருக்கிற மிச்சம் மத்தியானம் இருக்காது. நடக்க நடக்க அது வற்றும், மாட்டிய கால் தளர்ந்துவிடும். அப்போது இன்னொரு சாக்ஸ் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும். நீ அதை வைத்தே நேரம் சொல்லக் கற்றுக்கொண்டாய். "ஒரு சாக்ஸ் நேரத்துக்கு ஜீப்பு ஏறினா, ரெண்டாவது சாக்ஸுக்குக் கஞ்சி, மூணாவது சாக்ஸுக்கு எறக்கம்." தளர்ந்த காலில் காற்று புகுந்து ஒரு மாதிரிச் சத்தம் வரும். பஸ்ஸில் அந்தச் சத்தம் வந்து பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டதை நீ நடித்துக் காட்டியபோது, சிரித்துச் சிரித்து என் கையிலிருந்த அரம் தவறிவிட்டது.

குங்குமமும் ஒரு வியாழக்கிழமைதான் வந்தது. புண் ஆறிவிட்டாலும் எங்கேயோ ஓர் இடம் உரசுகிறது, எந்த இடம் என்று உனக்கும் சொல்லத் தெரியவில்லை. உரசும் எலும்பில் லிப்ஸ்டிக் தடவிக் காலை மாட்டிக் கழற்றினால், சாக்கெட்டுக்குள் எந்த இடத்தில் கறை ஒட்டுகிறதோ அங்கே இடம் விட வேண்டும். படித்த இடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என்னிடம் ஏது லிப்ஸ்டிக்? "இந்த மூஞ்சிக்கு அது வேறயா" என்று நீயே சொன்னாய். சாமி படத்துக்குக் கீழே கிண்ணத்தில் குங்குமம் இருந்தது. தேங்காய் எண்ணெயில் குழைத்து, கொஞ்சமும் யோசிக்காமல் உன் மிச்சத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

நீ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் நெற்றியில் திருநீறு மட்டும்தான் இருக்கும். எட்டு வருடமாக யாரும் உனக்குக் குங்குமம் நீட்டியதில்லை. கல்யாண வீட்டில் குங்குமச்சிமிழ் வரும்போது நீ எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாய் என்று நீதான் என்னிடம் சொல்லியிருந்தாய். நான் பதறிப்போய்த் துணியை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"இருக்கட்டும். நெத்தியில அழிச்சவுக காலப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். கண்ணும் கலங்கியிருந்தது. காலை மாட்டி நாலு எட்டு நடந்து கழற்றினோம். உள்ளே சிவப்பாக ஒரு கறை. அந்த இடத்தில் சூடு காட்டி வெளிப்பக்கமாகத் தள்ளி, அரம் போட்டு மழமழப்பாக்கிக் கொடுத்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு பட்டறையை மூன்று சுற்று சுற்றினாய். "எங்கன உரசுதுன்னு நான் சொல்லாமலே காலு காட்டிக் குடுத்துருச்சு பாரு" என்றாய். மிச்சத்தில் இருந்த பொட்டைத் துடைக்காமலே சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாய்.

காட்டுக்கும் போனாய். முதல் வாரம் கங்காணி உன்னைக் காய் தரம் பிரிக்கிற கொட்டகையில் உட்கார வைக்கப் பார்த்தாராம். நீ கேட்கவில்லை. சரிவில் கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "சொன்னா உனக்குப் புரியாது, வந்து பாரு" என்றாய். பட்டறையைப் பூட்டிவிட்டு உன்னோடு ஜீப்பில் ஏறினேன். நம் பள்ளத்தாக்கில் மலையைப் பார்க்காமல் ஒரு நாளும் போகாது. அதில் ஏறி இறங்குகிற ஒரு காலை அதுவரை நான் பார்த்ததில்லை. என் கால்கள் எல்லாமே சிமெண்டுத் தரைக்குச் செய்தவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ குத்தவைக்கும்போது சாக்கெட்டின் பின்விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்துகிறது. வேர்வையில் வார் வழுக்கி இறங்குகிறது. அதற்கு நீயே பழைய நூல்புடவையைக் கிழித்து வாருக்கு அடியில் சுற்றி வைத்திருந்தாய். திரும்பி வந்து பின்விளிம்பை இரண்டு விரல் அளவு தணித்தேன். வாரின் உள்பக்கம் நூல்துணி வைத்துத் தைத்தேன். இன்றைக்கு வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் தைக்கிறேன்.

அட்டைக்குப் பயந்து நான் இரண்டு காலிலும் புகையிலைத் தூளும் உப்பும் பூசிக்கொண்டு நின்றேன். நீ ஒரு காலில் மட்டும் பூசினாய். "அந்தக் கால்ல வந்து கடிக்கட்டும், பல்லு ஒடஞ்சு போகும்" என்றாய். மற்றப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். நீ செடித் தூரில் உட்கார்ந்து பச்சைக் காயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்தாய். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கால் இருக்கிற நினைப்பே இல்லாமல் ஒருத்தி வேலை செய்வதைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் போலிருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம். உனக்கு வேலை அதிகமாகி, வாராவாரம் என்பது மாதம் ஒரு வியாழன் ஆயிற்று. போன ஐப்பசியில் அதுவும் இரண்டு மாதமாக இல்லை. மலையில் காய் எடுப்பு, வருவாள் என்று இருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை உன் அண்ணன் வாசலில் நின்றார். கையில் ஏலக்காய்ச் சாக்கு சுற்றிய ஒரு பொருள். சுற்றியிருந்த விதத்திலேயே உன் கால் என்று தெரிந்தது. நீ பின்னால் ஆட்டோவில் இருப்பாய் என்று நினைத்து, "உள்ள வரச் சொல்லுங்கண்ணே, வெயில்ல எதுக்கு நிக்கணும்?" என்றேன்.

"அவ போயி ஒம்பது நாளாச்சும்மா" என்றார்.

மழைக்காய்ச்சல். மூன்றே நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு நாள்கூட ஆகவில்லையாம். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "கால்ல புண்ணு ஏதும் இருந்துச்சாண்ணே?" என்று. இல்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. நீ செத்த செய்தி கேட்ட மறுநிமிடம் என் வேலையில் குறை இல்லை என்று நிம்மதிப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

அவர் சாக்கைப் பெஞ்சில், நீ உட்காருகிற இடத்தில் வைத்தார். "இத அவகூட வைக்கக் கூடாதுன்னு பெரியவுக சொல்லிட்டாக. வேற யாருக்காச்சும் ஆகுமான்னு கொண்டாந்தேன்." ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகும்போது படியில் நின்று, தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

"காய்ச்சல் வந்த அன்னைக்குக் காலையில அவ மதினிகிட்டக் குங்குமம் கேட்டாம்மா. பத்து வருசமா தொடாதவ. எதுக்குன்னு கேட்டா சிரிக்கிறா. மதினி பயந்துக்கிட்டே குடுத்துச்சு. புருசன் கூப்புட்டுட்டான், அதான் கேட்டிருக்கான்னு ஊரெல்லாம் பேசுறாக. எங்களுக்கும் அப்படித்தான் தோணுது."

நான் தலையாட்டினேன். ஒரு நிமிடம் நானும் அதை நம்பினேன். அவர் போன பிறகுதான் சாக்கைப் பிரித்தேன். ஏலக்காய் வாசம் அறையெல்லாம் பரவியது. நீ சாக்ஸை ஒழுங்காக மடித்து வார்மேல் சுற்றி வைத்திருந்தாய். வழக்கம்போல எங்கேயாவது பிசிறு இருக்கிறதா என்று சாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் தடவினேன். வெளியே எடுத்தபோது விரல் நுனி சிவப்பாக இருந்தது.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாக்கெட்டின் உள்சுவரில், காலின் வெளிப்புறமாக, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, துருத்திய சின்ன எலும்பு முட்டுகிற இடத்தில், ஒரு பொட்டு அளவு குங்குமம். எண்ணெயில் குழைத்து வைத்தது. ஏத்தா, நீயே பொட்டு வைத்து மாட்டிப் பார்த்திருக்கிறாய். எங்கே உரசுகிறது என்று நீயே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை வந்து என்னிடம் காட்ட இருந்திருக்கிறாய். அந்தத் தடவை பரவால்ல என்று சொல்ல உனக்கு எண்ணமே இல்லை.

ஊரில் இன்னும் புருஷன் கூப்பிட்ட கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உன் அண்ணனிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை சின்னமனூர் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், ஏறவில்லை. அவர்களுக்கு அந்தக் கதை ஆறுதலாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால், அந்தக் குங்குமம் என்னைப் பார்க்க வருவதற்காகக் கேட்டது. அதை யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை. உன்னில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

இன்று மயிலாடும்பாறைக்காரரிடம் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. யாரிடமும் கேட்பதில்லை. குங்குமத்தைக் குழைத்து வைத்து, நடந்துவிட்டு வாங்க என்றேன். கறை விழுந்த இடத்தைச் சரிசெய்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் அவர் காலை அவருக்கே மாட்டி அனுப்பினேன். யார் காலும் இங்கே ராத்திரி தங்குவதில்லை, உன்னுடையதைத் தவிர.

அதை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அண்ணன் கொண்டுவந்த அன்றைக்கே நீ காட்டிய இடத்தில் சூடு காட்டித் தள்ளி, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, விரலால் பத்துத் தடவை தடவிப் பார்த்தேன். இனி அங்கே உரசாது. உனக்குச் சொன்ன சொல்படி சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். வாங்கிக்கொள்ளத்தான் நீ வரவில்லை.